இணையம் கடையடைத்தால் மசோதா நிற்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையப் பதிப்புரிமைச் சட்டங்களுக்கு எதிரான போராட்டம் என்று பேச்சு வந்தாலே, "அதெல்லாம் ஒரு கிளிக் தட்டிவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் வேலை" என்று ஒரு கூட்டமும், "2012-ல் இணையம் அமெரிக்க காங்கிரஸையே மண்டியிட வைத்தது" என்று இன்னொரு கூட்டமும் அடித்துக்கொள்கின்றன. இரண்டிலும் பாதிதான் உண்மை. கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே வருவதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

சோபா, பிபா என்கிறார்களே, என்ன அது?

உட்காருகிற சோபா இல்லை. 'ஸ்டாப் ஆன்லைன் பைரசி ஆக்ட்' என்பதன் முதலெழுத்துகளைச் சேர்த்தால் வருவது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் கீழவை, அதாவது பிரதிநிதிகள் சபையில் 2011 அக்டோபர் 26 அன்று லாமர் ஸ்மித் கொண்டுவந்த மசோதா. கிட்டத்தட்ட அதே நோக்கத்தோடு மேலவையான செனட்டில் பேட்ரிக் லேஹி அந்த ஆண்டு மே மாதமே கொண்டுவந்தது 'புரொடெக்ட் ஐபி ஆக்ட்', அதாவது பிபா. திருட்டுப் படம், திருட்டுப் பாட்டு, போலிப் பொருள் என்று வியாபாரம் செய்யும் வெளிநாட்டுத் தளங்களை அமெரிக்கர்களுக்கு எட்டாமல் செய்வது இரண்டின் நோக்கமும்.

ஸ்மித் குடியரசுக் கட்சி, லேஹி ஜனநாயகக் கட்சி. எலியும் பூனையுமாக இருக்கும் இரண்டு கட்சிகளும் இதில் மட்டும் கைகோத்து நின்றதால் சத்தமில்லாமல் நிறைவேறிவிடும் என்றுதான் பெரும்பாலானோர் நினைத்தார்கள்.

திருட்டைத் தடுப்பது நல்லதுதானே, எதிர்க்க என்ன இருக்கிறது?

நோக்கத்தில் பெரிய சண்டை இல்லை, வழியில்தான் தகராறு. அதுவரை இருந்த 1998-ம் ஆண்டுச் சட்டத்தின்படி (டிஎம்சிஏ என்பார்கள்), உங்கள் தளத்தில் யாரோ ஒருவர் அடுத்தவர் படத்தை ஏற்றிவிட்டால் உரிமைக்காரர் நோட்டீஸ் அனுப்புவார், நீங்கள் அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிட்டால் போதும், ஏற்றியவர் செய்த தப்புக்கு உங்கள் தலையில் நஷ்டஈடு விழாது. யாரோ ஏற்றுவதை நம்பியே நடக்கும் தளங்கள் எல்லாம் இந்த ஒரு ஏற்பாட்டின் தயவில்தான் வளர்ந்தன.

ஆனால் வெளிநாட்டுத் தளம் அந்த நோட்டீஸைக் குப்பையில் போட்டால் என்ன செய்வது? அமெரிக்க நீதிமன்றத்தின் கை அங்கே நீளாது. சரி, தளத்தைத் தொட முடியாவிட்டால் அதைச் சுற்றி இருப்பவர்களைத் தொடு என்று சோபா யோசித்தது. இணைய இணைப்பு தரும் நிறுவனம் அந்த முகவரியைத் திறக்கக் கூடாது, தேடுபொறி காட்டக் கூடாது, கார்டு நிறுவனம் பணம் வாங்கித் தரக் கூடாது, விளம்பர நிறுவனம் விளம்பரம் தரக் கூடாது. முதல் வரைவில் கடைசி இரண்டுக்கும் நீதிமன்ற உத்தரவுகூடத் தேவையில்லை. உரிமைக்காரர் நோட்டீஸ் அனுப்பி, தளத்துக்காரர் எதிர் நோட்டீஸ் தராவிட்டால், 5 நாளில் பணமும் விளம்பரமும் நிற்க வேண்டும். எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் அந்தப் பகுதியை மாற்றினார்கள்.

இன்ஜினியர்களைக் கொதிக்க வைத்தது முகவரித் தடை. நாம் ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால் அதற்குரிய எண்ணைத் தேடித் தருவது டிஎன்எஸ் என்ற அமைப்பு, பழைய டெலிபோன் டைரக்டரி மாதிரி. டைரக்டரியில் ஒரு பெயரைக் கிழித்துவிட்டால் வீடு காணாமல் போய்விடுமா? எண் தெரிந்தவர் நேராகப் போவார், வேறு டைரக்டரி வைத்திருப்பவரும் போவார். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் இருந்தது. டிஎன்எஸ் தரும் பதிலை நடுவில் யாரும் மாற்ற முடியாதபடி கையெழுத்திட்டு அனுப்பும் டிஎன்எஸ்செக் என்ற பாதுகாப்பு ஏற்பாட்டை அப்போதுதான் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். பதிலை யாராவது மாற்றினால் பிடி என்பது அந்த ஏற்பாடு, பதிலை மாற்று என்பது இந்த மசோதா. இரண்டும் ஒத்துப்போகாது என்று பால் விக்ஸி, டான் காமின்ஸ்கி உள்ளிட்ட 5 வல்லுநர்கள் 2011 மே மாதமே அறிக்கை எழுதிவிட்டார்கள்.

அப்படியானால் மசோதாவை ஆதரித்தவர்கள் எல்லோரும் வில்லன்களா?

இல்லை. திரைப்படத் துறை, இசைத் துறை, அமெரிக்க வர்த்தக சபை ஆகியவற்றோடு ஏஎஃப்எல்-சிஐஓ என்ற மிகப்பெரிய தொழிற்சங்கக் கூட்டமைப்பும் ஆதரித்தது. படப்பிடிப்பில் லைட் தூக்குபவர் சம்பளமும் திருட்டுப் படத்தால் அடிபடுகிறது என்ற வாதம் பொய்யில்லை. எதிர்ப்பாளர்கள் பலர் இதைக் காது கொடுத்துக் கேட்கவே இல்லை என்பது என் வருத்தம்.

தொழில்நுட்பக் குறைகள் காங்கிரஸ் உறுப்பினர்களுக்குத் தெரியாதா?

கேட்டால்தானே தெரியும். 2011 நவம்பர் 16 அன்று பிரதிநிதிகள் சபையின் நீதித்துறைக் குழு விசாரணை நடத்தியது. சாட்சி சொல்ல வந்தவர்கள் 6 பேர், எதிர்த்துப் பேச வந்தவர் கூகுளிலிருந்து ஒருவர் மட்டும். டிஎன்எஸ் பற்றிப் பேச ஒரு இன்ஜினியரைக்கூட அழைக்கவில்லை.

அடுத்து டிசம்பர் 15. மசோதாவை வரிவரியாகத் திருத்தும் கூட்டம், இணையத்தில் நேரலையாக ஓடியது. இந்தத் தொழில்நுட்பமெல்லாம் தனக்குத் தெரியாது என்று உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சொல்கிறார்கள், சொல்லிவிட்டு அதே மூச்சில் திருத்தங்களைத் தோற்கடிக்கிறார்கள். தெரிந்தவர்களைக் கூப்பிட்டுக் கேட்கலாமே என்று ஜேசன் சாஃபெட்ஸ் சொல்லிப் பார்த்தார். நடுவில் ஒரு கூத்து. சக உறுப்பினர் ஷீலா ஜாக்சன் லீ பேசுவது சலிப்பாக இருக்கிறது, நான் இணையத்தில் மேய்ந்து பொழுதைப் போக்குகிறேன் என்று குழு உறுப்பினர் ஸ்டீவ் கிங் உட்கார்ந்த இடத்திலிருந்தே ட்விட்டரில் போட்டுவிட்டார். அது லீயின் காதுக்கு எட்ட, அவர் அதைக் கண்டித்துப் பேச, கண்டித்த வார்த்தை அவைக்குப் பொருத்தமா, திரும்பப் பெறுவாரா மாட்டாரா என்று கூட்டமே அப்படியே நின்றது. இணையத்தின் தலையெழுத்தை எழுதும் கூட்டம் ஒரு ட்வீட்டால் முடங்கிக் கிடந்ததை அதே இணையத்தில் ஊரே பார்த்தது. ஜனவரியில் வந்த கோபத்துக்கு இந்த நேரலையும் ஒரு காரணம் என்பேன்.

2012 ஜனவரி 18 அன்று உண்மையில் என்ன நடந்தது?

இணையம் கடையடைத்தது. ஆங்கில விக்கிப்பீடியா 24 மணி நேரம் கறுப்புத் திரை போட்டுக்கொண்டது. கட்டுரையைத் தேடிப் போனால் அது ஒரு நொடி தெரிந்து, அதன்மேல் இருட்டு வந்து மூடும். நடுவில் நாலு வரி அறிவிப்பு, கீழே அமெரிக்கர்கள் தங்கள் அஞ்சல் குறியீட்டைத் தட்ட ஒரு பெட்டி. தட்டினால் உங்கள் தொகுதி உறுப்பினர் யார், அவர் போன் எண் என்ன என்று காட்டும். (பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்டை அணைத்தால் திரை விலகிவிடும், கைப்பேசிப் பதிப்பும் திறந்தே இருந்தது. வீட்டுப்பாடத்தைக் கடைசி நேரத்துக்குத் தள்ளி வைத்த மாணவர்களுக்குச் சாயங்காலத்துக்குள் இது தெரிந்துவிட்டது.) ரெடிட் என்ற விவாதத் தளம் 12 மணி நேரம் மூடியது. கூகுள் மூடவில்லை, தன் பெயர்ப் பலகைமேல் கறுப்புப் பட்டை போட்டு மனுவுக்கு இணைப்பு கொடுத்தது.

கறுப்புத் திரையை 16.2 கோடிக்கு மேற்பட்டோர் பார்த்தார்கள், சுமார் 80 லட்சம் பேர் தங்கள் உறுப்பினரின் தொடர்பு விவரத்தைத் தேடினார்கள் என்பது விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவின் கணக்கு. கூகுள் மனுவில் 70 லட்சம் கையெழுத்து. செனட் உறுப்பினர்கள் சிலரின் தளங்கள் கூட்டம் தாங்காமல் திணறின.

உடனே பலன் தெரிந்தது. பிபாவின் இணை முன்மொழிவாளராக, அதாவது மசோதாவுக்கு ஆதரவாகத் தன் பெயரையும் கொடுத்தவராக இருந்த செனட்டர் மார்கோ ரூபியோ அன்றே ஃபேஸ்புக்கில் எழுதி விலகினார். ராய் பிளன்ட், ஜான் பூஸ்மன், பதிப்புரிமைக்காகக் காலமெல்லாம் வாதாடிய, தானே பாட்டு எழுதும் வழக்கமுள்ள ஓரின் ஹாட்ச் என்று வரிசையாகப் பின்வாங்கினார்கள். புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் வைத்திருந்த பட்டியலில் ஆதரவு 80, எதிர்ப்பு 31 என்று இருந்த கணக்கு, மறுநாள் ஆதரவு 65, எதிர்ப்பு 101 என்று தலைகீழானது. 20-ம் தேதி செனட் பெரும்பான்மைத் தலைவர் ஹாரி ரீட் 24-ம் தேதி வாக்கெடுப்பைத் தள்ளி வைத்தார், ஸ்மித்தும் மசோதாவைக் கிடப்பில் போட்டார்.

அப்போ ஒரு நாள் கடையடைப்பு போதும் என்கிறீர்களா?

அந்த ஒரு நாளுக்குப் பின்னால் 14 மாதம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் ஜனவரி 18-ஐ மட்டும் சொல்வதுதான் இந்தக் கதையில் எல்லோரும் செய்யும் தப்பு.

சோபாவுக்கும் பிபாவுக்கும் முன்னோடியாக 2010-ல் கோயிகா என்று ஒரு மசோதா வந்தது. செனட்டின் நீதித்துறைக் குழுவில் 19-0 என்று நிறைவேறியது, எதிர்த்து ஒரு ஓட்டு இல்லை. அதை நிறுத்தியவர் ஆரிகன் மாநில செனட்டர் ரான் வைடன், ஒற்றை ஆள். செனட்டில் ஒரு உறுப்பினர் 'இதை எடுக்கவிட மாட்டேன்' என்று முட்டுக்கட்டை போட்டால் அதைத் தாண்ட 60 ஓட்டு தேடி, நாள் கணக்கில் நேரம் செலவழிக்க வேண்டும். 2011 மே மாதம் பிபாவும் குழுவில் ஒருமனதாக நிறைவேறியது, அதே நாளில் வைடன் மறுபடி முட்டுக்கட்டை போட்டார். அவர் வாங்கித் தந்த அந்த எட்டு மாதத்தில்தான் எதிர்ப்பு என்று ஒன்று உருவாகவே நேரம் கிடைத்தது. இணையச் செயற்பாட்டாளர் ஏரன் ஸ்வார்ட்ஸ் தொடங்கிய டிமாண்ட் புரோக்ரஸ் போன்ற அமைப்புகள் மனு திரட்டின. நவம்பர் 16 விசாரணை அன்று டம்ளர் என்ற வலைப்பதிவுத் தளம் தன் பயனர்கள் பக்கத்தையே கறுப்பாக்கி, அங்கிருந்து நேராக உறுப்பினருக்குப் போன் போடும் வசதி செய்தது, 87,834 அழைப்புகள் போயின. டிசம்பரில் தளப் பெயர் விற்கும் கோடேடி நிறுவனம் சோபாவை ஆதரிக்கிறது என்று தெரிந்ததும் ரெடிட்டில் புறக்கணிப்பு கிளம்பியது, மறுநாளே அது ஆதரவை விலக்கிக்கொண்டது.

ஜனவரி 12, 13 தேதிகளில் லேஹியும் ஸ்மித்தும் டிஎன்எஸ் தடையை எடுத்துவிடுகிறோம் என்று இறங்கி வந்தார்கள். 14-ம் தேதி வெள்ளை மாளிகை, டிஎன்எஸ்ஸில் கைவைக்கும் மசோதாவை ஏற்க மாட்டோம் என்ற பொருளில் மனுதாரர்களுக்குப் பதில் எழுதியது. ஆக 18-ம் தேதி தள்ளிய சுவர் ஏற்கெனவே விரிசல் விட்ட சுவர்.

வெளியே கூட்டம், உள்ளே நேரம் வாங்கித் தர ஒரு ஆள், வாக்கெடுப்பு முடிவதற்கு முன் இரண்டும் சந்தித்துக்கொள்வது. நான் பார்த்தவரை இணையப் போராட்டம் ஜெயித்த இடங்களில் இந்த மூன்றும் இருந்தன.

கையெழுத்து மனு, மின்னஞ்சல், போன்: எதற்கு மரியாதை?

போனுக்கு. வாஷிங்டன் அலுவலகத்தில் போனை எடுப்பவர் பெரும்பாலும் இளவயது உதவியாளரோ பயிற்சிக்கு வந்த மாணவரோதான். பெயர், அஞ்சல் குறியீடு, எந்த மசோதா, ஆதரவா எதிர்ப்பா, இவ்வளவுதான் கேட்பார், கணக்கில் ஒரு கோடு போடுவார். அஞ்சல் குறியீடு தொகுதிக்கு வெளியே என்றால் மரியாதையாகப் பேசி வைத்துவிடுவார், கோடு விழாது. ஒரே வாசகத்தோடு வரும் ஆயிரம் மின்னஞ்சல்களை ஒரு கட்டாகக் கட்டி, ஒரே பதிலை ஆயிரம் பேருக்கும் அனுப்பிவிடலாம், அது அரை மணி நேர வேலை. போன் அப்படி இல்லை, ஒருவர் பேசி முடிக்கும்வரை ஒரு ஆள் அங்கே உட்கார்ந்தே ஆக வேண்டும். எல்லா லைனும் நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருந்தால் அந்த அலுவலகத்தில் வேறு வேலை ஓடாது, அப்போதுதான் "என்ன மசோதா இது?" என்று உறுப்பினரே கேட்பார்.

பெரும்பாலான உறுப்பினர்களுக்குப் பெரும்பாலான மசோதாக்களில் சொந்தக் கருத்து என்று ஒன்றும் இருப்பதில்லை. கேட்டுக்கொண்டார்கள், பெயரைக் கொடுத்தேன் என்ற அளவில்தான் இணை முன்மொழிவாளர் பட்டியல் நீளும். அப்படிப் பெயர் கொடுத்தவரை விலக வைப்பது சுலபம், மசோதாவையே எழுதியவரை அசைப்பது நடக்காத காரியம். லேஹியும் ஸ்மித்தும் தள்ளி வைத்தார்களே தவிர மனம் மாறவில்லை.

சட்டம் இயற்றுபவர்கள் பொதுவாக எப்படிப் பதில் சொல்கிறார்கள்?

முதலில் கண்டுகொள்ள மாட்டார்கள். அப்புறம் "இவர்களுக்கு மசோதா புரியவில்லை" என்பார்கள். ஸ்மித் விக்கிப்பீடியாவின் கடையடைப்பை வெறும் விளம்பர உத்தி என்றார். செனட்டராக இருந்து ஓய்வு பெற்று, திரைப்பட நிறுவனங்கள் சங்கத் தலைவரான கிறிஸ் டாட், அதை அதிகார துஷ்பிரயோகம் என்றார். அடுத்து, எதிர்ப்பவர்கள் நிஜ மனிதர்களே இல்லை, பின்னால் பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன என்பார்கள். இதில் கொஞ்சம் உண்மை இருப்பதால் இது நன்றாக எடுபடும்.

அதற்கும் அடங்காவிட்டால் ஒரு பகுதியை வெட்டித் தருவார்கள், டிஎன்எஸ்ஸை எடுத்தது போல. பாதிப் போராட்டக்காரர்கள் அதோடு திருப்தியாகி வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்று ஒரு கணக்கு. கடைசியாக வருவது ஒத்திவைப்பு. "தோற்றோம்" என்ற வார்த்தை வரவே வராது, "இன்னும் விரிவாகக் கலந்து பேசுவோம்" என்றுதான் வரும். சோபாவும் பிபாவும் எந்த வாக்கெடுப்பிலும் தோற்கவில்லை. அந்த காங்கிரஸின் காலம் 2013 ஜனவரியில் முடிந்தபோது மற்ற நிறைவேறாத மசோதாக்களோடு சேர்ந்து தானாகக் காலாவதியாயின.

வேடிக்கையான பதில்களும் உண்டு. பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பால் ரயன் சோபாவை ஆதரிக்கிறார் என்று ரெடிட்காரர்கள் முடிவு கட்டி, அவருடைய தொகுதியில் எதிர் வேட்பாளருக்கு நிதி திரட்டக் கிளம்பினார்கள். அவர் பெயர் முன்மொழிவாளர் பட்டியலிலேயே இல்லை. ஆனாலும் 2012 ஜனவரி 9 அன்று "நான் எதிர்க்கிறேன்" என்று அவர் அறிக்கை விட்டார். தப்பான வீட்டுக் கதவைத் தட்டியும் கதவு திறந்தது.

எல்லாமே கூகுள் ஆட்டி வைத்தது என்கிறார்களே?

கூகுள், ஃபேஸ்புக், ட்விட்டர் உள்ளிட்ட 9 நிறுவனங்கள் சேர்ந்து எதிர்ப்புக் கடிதம் எழுதின, நாளிதழில் முழுப் பக்க விளம்பரமும் கொடுத்தன, மறைக்க ஒன்றுமில்லை. அவர்களுக்கு லாபம் இல்லாமல் இறங்கியிருக்க மாட்டார்கள். அதே நேரம் விக்கிப்பீடியா விளம்பரமே போடாத தளம். மூடலாமா என்று 1,800-க்கு மேற்பட்ட விக்கிப்பீடியர்கள் பல நாள் விவாதித்துத்தான் முடிவெடுத்தார்கள். நடுநிலையான கலைக்களஞ்சியம் அரசியல் செய்யலாமா என்று உள்ளேயே சண்டை நடந்தது, அந்தச் சண்டை நியாயமானதும்கூட. கட்டுரைகள் நடுநிலையாக இருக்க வேண்டும், கட்டுரை எழுதும் இடம் உயிரோடு இருப்பதற்காகப் பேசலாம் என்று ஒருவழியாகச் சமாதானமானார்கள்.

அமெரிக்காவுக்கு வெளியே இது பலித்திருக்கிறதா?

பலித்திருக்கிறது, அமெரிக்காவைவிடத் தெளிவாகவே. ஆக்டா என்று ஒரு சர்வதேச ஒப்பந்தம், போலிப் பொருள்களையும் பதிப்புரிமை மீறலையும் எதிர்ப்பதற்காகப் பல ஆண்டுகள் மூடிய கதவுக்குள் பேசி முடித்தது. 2012 ஜனவரி 26 அன்று டோக்கியோவில் ஐரோப்பிய ஒன்றியமும் அதன் 22 நாடுகளும் கையெழுத்திட்டன. அதே நாளில் இரண்டு காட்சிகள். போலந்து நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் சிலர் இணையப் போராட்டக்காரர்களின் அடையாளமான கை ஃபாக்ஸ் முகமூடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் இந்த ஒப்பந்தத்தை ஆராயும் பொறுப்பில் இருந்த காதர் ஆரிஃப், இதெல்லாம் வெறும் நாடகம் என்ற பொருளில் சொல்லிவிட்டுப் பொறுப்பை உதறினார். டோக்கியோவில் ஸ்லோவேனியா சார்பில் கையெழுத்துப் போட்ட தூதர் ஹெலெனா துர்னோவ்ஷெக் சோர்கோ, ஒரு வாரத்துக்குள், கவனமில்லாமல் போட்டுவிட்டேன் என்று தன் நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். அரசு வேலையில் இருந்துகொண்டு இப்படிச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

பிப்ரவரி 3 அன்று போலந்துப் பிரதமர் டொனால்ட் டஸ்க், போதிய கலந்தாலோசனை நடக்கவில்லை என்று ஒப்புக்கொண்டு ஒப்புதல் வேலையை நிறுத்தினார். 11-ம் தேதி கடுங்குளிரில் ஐரோப்பா முழுக்க ஊர்வலம். ஜூலை 4 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றம் ஓட்டெடுப்பு நடத்தி ஆக்டாவை நிராகரித்தது: எதிராக 478, ஆதரவாக 39, நடுநிலை 165. ஒத்திவைப்பு இல்லை, கிடப்பு இல்லை, எண்ணிக்கையோடு தோல்வி. இதுதான் என் கணக்கில் பெரிய வெற்றி, ஆனால் சோபா அளவுக்கு யாருக்கும் நினைவில்லை.

அப்போ ஐரோப்பாவில் 2019-ல் ஏன் தோற்றார்கள்?

2016-ல் ஐரோப்பிய ஆணையம் புதிய பதிப்புரிமை நெறியுறுத்தல் (உறுப்பு நாடுகள் தங்கள் சட்டத்தில் கொண்டுவர வேண்டிய விதி) ஒன்றை முன்வைத்தது. அதில் 13-வது பிரிவு (கடைசியில் 17 ஆனது), பயனர்கள் ஏற்றும் உள்ளடக்கத்துக்குப் பெரிய தளங்களையே பொறுப்பாக்கியது. உரிமம் வாங்கு, கிடைக்காவிட்டால் உரிமைக்காரர்கள் அடையாளம் காட்டிய படைப்புகள் தளத்தில் ஏறாமல் பார்த்துக்கொள். இதை வடிகட்டி இல்லாமல் எப்படிச் செய்வது, கேலிப் படத்துக்கும் திருட்டுக்கும் வித்தியாசம் தெரியாத வடிகட்டி எல்லாவற்றையும் அள்ளிப் போடுமே என்பதுதான் எதிர்ப்பு.

முதல் சுற்றில் ஜெயித்தார்கள். 2018 ஜூலை 5 அன்று நாடாளுமன்றம் 318-278 என்று அப்போதைய வரைவை ஏற்க மறுத்தது. ஆனால் செப்டம்பரில் திருத்தி எடுத்து வந்ததும் 438-226 என்று ஏற்றது. 50 லட்சத்தைத் தாண்டிய மனு, 2019 மார்ச் 21 அன்று ஜெர்மன் விக்கிப்பீடியா மூடல், 23 அன்று ஊர்வலங்கள் (மியூனிக்கில் மட்டும் சுமார் 40,000 பேர்) எதுவும் போதவில்லை. எதிர்ப்பு மின்னஞ்சல்கள் எல்லாம் இயந்திரம் அனுப்புபவை என்று ஆதரவு அணி சொல்லிக்கொண்டே இருந்தது, அதனால் ஊர்வலத்துக்கு வந்தவர்கள் 'நாங்கள் ரோபோ இல்லை' என்று அட்டை பிடித்தார்கள். ஐரோப்பிய ஆணையமே போராட்டக்காரர்களைக் கும்பல் என்று வர்ணித்து ஒரு கட்டுரை போட்டுவிட்டு, கண்டனம் வந்ததும் எடுத்தது.

மார்ச் 26, இறுதி நாள். முதலில், 13-வது பிரிவைத் தனியாக எடுத்து ஓட்டுப்போட வழிவிடலாமா என்று ஒரு வாக்கெடுப்பு. 312-317, 5 ஓட்டில் போனது. அடுத்து மொத்த நெறியுறுத்தலும் 348-274 என்று நிறைவேறியது. அதன்பிறகு உறுப்பினர்கள் சிலர் பதட்டத்தோடு வருகிறார்கள்: வாக்கெடுப்பின் வரிசை மாறியது தெரியவில்லை, தப்பான பொத்தானை அழுத்திவிட்டோம்! அப்படிப் பதிவைத் திருத்திக்கொண்டவர்கள் பத்துக்கும் மேல். கூட்டிக் கழித்தால் அந்த 5 ஓட்டு முடிவே மாறியிருக்கும். விதிப்படி திருத்தம் பதிவேட்டுக்கு மட்டும்தான், முடிவு முடிவுதான். லட்சக்கணக்கானோர் வருடக்கணக்கில் சத்தம் போட்ட விஷயத்தின் ஒரு முக்கியமான முடிச்சு இப்படி ஒரு பொத்தானில் போய் அவிழ்ந்தது.

சோபாவுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எதிரணிதான். சோபா காலத்தில் கூகுள் என்றால் நல்ல பிள்ளை, 2019-ல் அதே கூகுளுக்குக் கடிவாளம் போடுவதே நல்ல அரசியல் என்று ஆகிவிட்டது. செய்தி நிறுவனங்களும் கலைஞர்களும் இந்த முறை நன்றாகவே அணி திரண்டிருந்தார்கள். போலந்து அரசு ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனது, 2022 ஏப்ரலில் வழக்கு தள்ளுபடியானது. ஆனால் சட்டப்படியான உள்ளடக்கத்தையும் சேர்த்துத் தடுக்கும் வடிகட்டி கூடாது என்று நீதிமன்றம் அந்தத் தீர்ப்பிலேயே சொன்னது எதிர்ப்பாளர்களுக்கு ஆறுதல்.

கிடப்பில் போட்டது திரும்ப வருமா?

வரும். நியூசிலாந்தைப் பாருங்கள். அடிக்கடி பதிப்புரிமை மீறுபவர் என்று புகார் வந்தவரின் இணைய இணைப்பைத் துண்டிக்க வழி செய்யும் 92ஏ என்ற பிரிவை எதிர்த்து 2009 பிப்ரவரியில் அந்த ஊர்க்காரர்கள் தங்கள் சுயவிவரப் படங்களைக் கறுப்பாக்கினார்கள். பிரதமர் ஜான் கீ முதலில் தள்ளி வைத்தார், அடுத்த மாதம் கைவிட்டார். 2011 ஏப்ரலில், அவசர நடைமுறையில் மாற்றுச் சட்டம் நிறைவேறியது. இணைப்புத் துண்டிப்பை மட்டும் உறங்க வைத்துவிட்டு 15,000 நியூசிலாந்து டாலர் வரை தண்டம் விதிக்க வழி செய்தார்கள். சோபாவுக்கு எதிராக உலகமே கறுப்பாவதற்கு முன்பே இந்தப் பாடம் அங்கே முடிந்துவிட்டது.

அமெரிக்காவிலும் அதே கதைதான். அனுமதியில்லாமல் நேரலையில் ஓடவிடுவதைப் பெரிய குற்றமாக்கும் யோசனை 2011-லேயே வந்து எதிர்ப்பில் அடங்கியது. 2020 டிசம்பரில் அரசு செலவினத்துக்கும் கொரோனா நிவாரணத்துக்குமான 5,593 பக்க மசோதாவுக்குள் அது வேறு வடிவில் நுழைந்தது. வியாபாரமாக நடத்தும் திருட்டுச் சேவைகளுக்கு மட்டும் என்று சுருக்கியிருந்தார்கள், அது முன்பைவிடப் பரவாயில்லை. ஆனால் நிவாரணப் பணம் போக வேண்டிய மசோதாவை எதிர்த்து யார் கடையடைப்பார்கள்?

தளங்களைத் தாக்கி முடக்குவதும் போராட்டம்தானே?

என்னைக் கேட்டால் இல்லை. ஜனவரி 19 அன்று அமெரிக்க நீதித்துறை மெகாஅப்லோட் என்ற கோப்புப் பகிர்வுத் தளத்தை மூடியதும் அனானிமஸ் என்ற ஹேக்கர் கூட்டத்தினர் நீதித்துறையின் தளத்தையும் இசை, திரைப்படச் சங்கங்களின் தளங்களையும் முடக்கினார்கள். முந்தின நாள் மாணவர்களும் நூலகர்களும் போன் போட்டுச் சேர்த்த நல்ல பெயரை அப்படியே எதிரணி கையில் கொடுத்ததுதான் மிச்சம். கூடவே ஒன்று, மெகாஅப்லோட் மூடப்பட்டது ஏற்கெனவே இருந்த சட்டங்களை வைத்து. 'புதுச் சட்டம் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியவில்லை' என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல பதிலை எதிர்ப்பாளர்களே தேடியிருக்க முடியாது.

அந்த நாட்டுக் குடிமகன் இல்லாதவர் குரல் கொடுத்தால் பயன் உண்டா?

தொகுதி உறுப்பினரிடம் பயன் இல்லை, மேலே சொன்னபடி கோடு விழாது. ஒப்பந்தம் என்றால் உங்கள் அரசிடம் பேசலாம், ஆக்டாவில் ஒவ்வொரு நாடும் தனித்தனியாகத்தான் பின்வாங்கியது.

அன்று எதிர்த்தவர்கள் இன்றும் அதே நிலையில் இருக்கிறார்களா?

எல்லோரும் இல்லை. சிலிக்கான் பள்ளத்தாக்குப் பகுதியின் பிரதிநிதி ஸோ லாஃப்கிரன், 2011 டிசம்பர் கூட்டத்தில் ஸ்மித்தின் மசோதாவை முன்னணியில் நின்று எதிர்த்தவர்களில் ஒருவர். 2025 ஜனவரியில் அவரே ஒரு மசோதாவை அறிமுகம் செய்தார். வெளிநாட்டுத் திருட்டுத் தளங்களை அமெரிக்காவில் திறக்க முடியாதபடி தடுக்க உரிமைக்காரர்கள் நீதிமன்ற உத்தரவு வாங்க அது வழி செய்கிறது. நீதிமன்றம் வழியாகத்தான், தளத்துக்காரர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பு உண்டு, அதனால் இது சோபா இல்லை என்பது அவர் தரப்பு. உத்தரவு யார் யாருக்குப் போகும் என்று பார்த்தால் பெரிய இணைய இணைப்பு நிறுவனங்கள் இருக்கின்றன, அவற்றோடு டிஎன்எஸ் சேவை தருபவர்களும் இருக்கிறார்கள்.